சுவிட்சைப் போடுவதற்கு முன்

20, 30 வருடங்களாக மூலையில் கிடந்த ஒரு கணினி கைக்கு வந்ததும் யாருக்கும் முதலில் எழுகிற ஆசை, ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம் என்பதுதான். பழைய கணினிகள் பலவும் கிடந்த காலத்தில் சாவதில்லை. இந்த ஆசையில்தான் சாகின்றன. பேட்டரி கசிந்த மதர்போர்டில் மின்சாரம் பாய்ந்தால் அரித்துப்போன டிராக்குகள், அதாவது போர்டில் ஓடும் தாமிரக் கோடுகள், நிரந்தரமாக அறுந்துபோகும். ஷார்ட் ஆன ஒரு சின்ன கெப்பாசிட்டர் வெடித்து அக்கம்பக்கத்தைக் கருக்கிவிடும். ஒருநாள் பொறுத்திருந்தால் இரண்டையும் தடுத்திருக்கலாம்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியில் இருந்த 8088 சிப் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்தச் சிப்புகளில் பெரும்பாலானவை இன்றும் நன்றாகவே இருக்கின்றன. சிலிக்கானுக்கு வயது மெதுவாகத்தான் ஏறும். அதைச் சுற்றியிருக்கும் பொருட்களுக்குத்தான் சீக்கிரம் மூப்பு வருகிறது: பேட்டரிக்குள் இருக்கும் காரம், கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம், காகிதம், கிரீஸ், ரப்பர், ஸ்பாஞ்சு. அதனால் இந்த வேலையில் முக்கால் பங்கு வேதியியல், மீதிதான் மின்னணுவியல். வரிசையும் அப்படித்தான் போக வேண்டும். முதலில் பேட்டரி, அடுத்து பவர் சப்ளை, பிறகு ஷார்ட் சோதனை. சுவிட்ச் அதற்கப்புறம்.

பெட்டியைத் திறந்ததும் தேட வேண்டியது பேட்டரி. 1983இல் வந்த எக்ஸ்டி வரை ஐபிஎம் மதர்போர்டில் பேட்டரி கிடையாது. ஆனால் கடிகாரத்துடன் கூடிய மெமரி கார்டு ஏதாவது செருகியிருந்தால் அதில் இருக்கும். 1984இல் 80286 சிப்போடு ஏடி வந்த பிறகுதான் தேதியையும் டிஸ்க் விவரங்களையும் நினைவில் வைக்கும் சிமாஸ் மெமரியும் அதற்கொரு பேட்டரியும் வழக்கமாயின. 286, 386, 486 போர்டுகளில் பெரும்பாலும் நீலநிற உறை போட்ட பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பார்க்கலாம். 3 செல், 3.6 வோல்ட். அது உட்கார்ந்திருக்கும் இடம் அநேகமாகக் கீபோர்டு சாக்கெட்டின் பக்கத்தில். முதலில் பலியாவதும் அந்தச் சாக்கெட்டும் அருகிலுள்ள 8042 கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பும்தான்.

கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஒரு மூலையில் தொடங்கித் தாமிரத்தைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போகும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மூன்று விதமான அடையாளம் தெரியும். சிப் கால்களில் பச்சையோ நீலமோ கலந்த பொடி இருந்தால் அது மேலோட்டமான அரிப்பு. சால்டர் பொட்டுகள் (பற்றவைத்த ஈயம்) பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால், அங்கே சூடான முனையை வைத்தாலும் ஈயம் உருகாது. மோசமானது மூன்றாவது: போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் டிராக் கறுத்திருக்கும். மேலே பூச்சு முழுசாகத் தெரியும், உள்ளே தாமிரம் தூளாகியிருக்கும். மீட்டர் வைத்தால் இன்றைக்கு இணைப்பு இருப்பதாகக் காட்டினாலும் அடுத்த மாதம் அறுந்துவிடும்.

பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். அது இன்னும் கசியவில்லை என்றாலும் எடுத்துவிடுங்கள். கசியாத பீப்பாய் பேட்டரி என்பது இன்னும் கசியாத பேட்டரி, அவ்வளவுதான். அடுத்து காரத்தை முறிக்க வேண்டும். 5 சதவீத வெள்ளை வினிகர் போதும். இல்லையென்றால் 100 மில்லி வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தடவினால் நுரைக்கும். காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கார்பனேட்டாக மாறியிருப்பதால் வரும் நுரை அது. நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை தடவி, ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் விடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரால் தாராளமாகக் கழுவ வேண்டும். அமிலத்தை அப்படியே விட்டால் காரம் செய்த வேலையை அது தொடரும். கடைசியாக 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி நீரை விரட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஆல்கஹால் காரத்தை முறிக்காது. அதை மட்டும் போட்டுத் துடைத்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வருடத்தில் பச்சை திரும்ப வரும்.

கசிவு சாக்கெட்டுக்கோ ஸ்லாட்டுக்கோ அடியில் போயிருந்தால் அதைக் கழற்றாமல் சுத்தம் செய்ய முடியாது. பழைய போர்டுகளில் கிரவுண்ட் கால் ஒவ்வொன்றும் உள்ளே அகலமான தாமிரத் தகட்டோடு சேர்ந்திருக்கும். அது சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் ஈயம் லேசில் உருகாது. அவசரத்தில் இழுத்தால் துளையின் உள்பூச்சே உருவிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு காலிலும் ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் கொஞ்சமும், 183 டிகிரியில் உருகும் 63/37 ஈயமும் புதிதாகச் சேர்த்துவிட்டுப் பிறகு உறிஞ்சினால் எளிதில் வரும். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி போதும். தகட்டோடு சேர்ந்த கால்களுக்கு மறுபக்கத்திலிருந்து சூடான காற்றும் கொடுங்கள். கெட்டுப்போனது என்று உறுதியாகத் தெரிந்த சிப்பை முழுசாகக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். கால்களை வெட்டி உடலை எடுத்துவிட்டு, கால்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். சிப் வேறு கிடைக்கும், போர்டு கிடைக்காது.

கறுத்த டிராக்குகளின் மேல்பூச்சைக் கண்ணாடி இழைப் பேனாவால் சுரண்டி, செம்புநிறம் தெரியும் இடம்வரை போங்கள். தாமிரம் மிச்சமிருந்தால் ஈயம் பூசினால் போதும். இல்லையென்றால் கைனார் உறை போட்ட 0.25 மில்லிமீட்டர் மெல்லிய வயரை நல்ல பகுதியிலிருந்து நல்ல பகுதிக்குப் பாலமாகப் பற்றவைக்க வேண்டும். போர்டின் இரு பக்கத்தையும் இணைக்கும் சிறு துளைகளையும் விடாதீர்கள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் மீட்டர் வையுங்கள். துளைக்குள் நடக்கும் அரிப்பு கண்ணுக்குத் தெரியாது.

புது பேட்டரி வைக்கும்போது ஒரு விஷயத்தில் தவறக் கூடாது. நிக்கல்-காட்மியத்தைச் சார்ஜ் செய்யும் சுற்று போர்டிலேயே இருக்கிறது. அதே இடத்தில் சிஆர்2032 லித்தியம் செல்லை நேராக வைத்தால் அதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும். லித்தியம் செல் அதைத் தாங்காது, வீங்கி வெடிக்கும். செல்லின் பிளஸ் முனையோடு மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு 1என்5817 டயோடைத் தொடராகப் போட்டு, அதன் கோடு போட்ட முனையைப் போர்டின் பக்கம் வையுங்கள். அந்த வகை டயோடில் வோல்டேஜ் இறக்கம் மிகக் குறைவு என்பதால் 3 வோல்ட் செல்லிலிருந்து சிமாஸுக்குத் தேவையானது வந்து சேரும். பல போர்டுகளில் வெளி பேட்டரிக்கென்று 4 ஊசிக் கனெக்டரும் ஒரு ஜம்பரும் (ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) இருக்கும். அதுவே நல்ல வழி. செல்லை வயர் போட்டுப் பெட்டியின் பக்கச்சுவரில் ஒட்டிவிட்டால், நாளைக்கு அது கசிந்தாலும் போர்டு தப்பிக்கும். அங்கேயும், கடைசியில் சுவிட்ச் போடும் கட்டம் வந்ததும் கணினியை ஓடவிட்டு, ஊசிகளில் போர்டிலிருந்து வோல்டேஜ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செல்லை மாட்ட வேண்டும்.

சில போர்டுகளில் பேட்டரியே கண்ணில் படாது. டிஎஸ்1287, டிஎஸ்12887 என்று எழுதிய கறுப்பான தடித்த கட்டியாகக் கடிகாரச் சிப் ஒன்று இருக்கும். லித்தியம் செல் அதற்குள்ளேயே எபாக்சியில் புதைந்திருக்கிறது. தயாரித்தபோதே 10 வருடத்துக்குக் கணக்கிட்டது என்பதால் இன்று எல்லாம் தீர்ந்திருக்கும். கசியாது என்பது ஒரு நிம்மதி. அதைக் கழற்றி, 24 கால் சாக்கெட் வைத்து, அதே கால் அமைப்பில் செல்லை மாற்றக்கூடிய புதிய மாட்யூல் போடலாம். பழையதையே பிழைக்க வைப்பதென்றால் 16ஆம், 20ஆம் கால்கள் இருக்க வேண்டிய பக்கத்தில் எபாக்சியை மெதுவாக அராவ வேண்டும். 20 பிளஸ், 16 மைனஸ். உள்ளே பழைய செல்லுக்குப் போகும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வெளியே சிஆர்2032 ஹோல்டரைப் பற்றவைக்கலாம். இங்கே டயோடு வேண்டாம், இந்தச் சிப் செல்லைச் சார்ஜ் செய்வதில்லை.

அடுத்தது பவர் சப்ளை. பிளக்கை உருவிய பிறகும் ஆபத்து போவதில்லை. 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாக (டிசி) மாறும்போது முதன்மை கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் நிற்கும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை மீட்டரை 600 வோல்ட் அளவில் வைத்துப் பார்ப்பது. மிச்சம் இருந்தால் 2 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்புள்ள கம்பியில் கட்டி, கெப்பாசிட்டரின் இரு முனைக்கும் குறுக்கே சில நொடிகள் தொட்டு இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்.

மின் நுழைவாயிலின் அருகே தேன்நிறத்தில், உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் உறையோடு ஒரு பெட்டி வடிவக் கெப்பாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். ரிஃபா என்ற பெயரால் அறியப்படும் உலோகக் காகித வகை அது. உறையில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடியிருக்கும். அந்த வழியாக ஈரம் காகிதத்தில் இறங்கியிருக்கும். மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் சூடேறி, அறை முழுக்கப் புகையும் நாள்கணக்கில் போகாத நாற்றமும் விடும். வெடிப்பு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுவதே என் கட்சி. 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின் லைனுக்கான பாதுகாப்பு வகை) என்றால் அதே மதிப்பில், 275 வோல்ட் ஏசி தாங்கும் பாலிபுரோப்பைலின் எக்ஸ்2 வகை போடுங்கள். எர்த்துக்குப் போகும் சின்னவை ஒய்2 வகை. அங்கே ஒய்2 மட்டும்தான், சாதாரண கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் பெட்டியின் உலோக உடம்பிலேயே மின்சாரம் ஏறும்.

பின்புறமுள்ள 115/230 தேர்வு சுவிட்சைக் கண்ணால் பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். 115இல் இருக்கும்போது உள்ளே வோல்டேஜை இரட்டிப்பாக்கும் சுற்று வேலை செய்யும். அதில் 230 கொடுத்தால் 200 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டும் சேர்ந்து சுமார் 650 வோல்ட்டைத் தாங்க வேண்டி வரும். தாங்காது.

ஏடி வகைப் பெட்டிகளில் முன்பக்கப் பவர் பட்டன்வரை மெயின் லைன் மின்சாரமே வருகிறது. பிரவுன், நீலம், வெள்ளை, கறுப்பு என்று 4 வயர்கள். பிந்தைய ஏடிஎக்ஸ் பெட்டிகளின் பட்டனைப் போல இதை நினைத்துக் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. கழற்றுமுன் எந்த நிறம் எந்த முனையில் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாட்டினால் நேராக ஷார்ட்.

பவர் சப்ளையை முதலில் மதர்போர்டு இல்லாமல் சோதிக்க வேண்டும், ஆனால் சுமையே இல்லாமல் சோதிக்கக் கூடாது. பழைய எஸ்எம்பிஎஸ் வகைப் பவர் சப்ளைகளுக்குக் குறைந்தபட்ச சுமை வேண்டும். இல்லையென்றால் தொடங்கவே மாட்டா, அல்லது வோல்டேஜ் தாறுமாறாக வரும். 5 வோல்ட் லைனில் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போட்டால் 1 ஆம்பியர் இழுக்கும். சிலவற்றுக்கு 2 ஆம்பியர் வேண்டியிருக்கும், அப்போது இணையாக இன்னொன்று போடுங்கள். 12 வோல்ட் லைனில் ஒரு கார் பல்பு. மெயின் லைனில் 60 அல்லது 100 வாட் இழை பல்பைச் சீரிஸில் போட்டுவிட்டு முதல்முறை கொடுங்கள். கண நேரம் எரிந்து மங்கினால் நல்லது. முழுப் பிரகாசமாக நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, பல்புதான் உங்களைக் காப்பாற்றியது என்று அர்த்தம்.

வரும் வோல்டேஜ்களை அளவெடுங்கள். சிவப்பு வயரில் 4.75 முதல் 5.25 வரை, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை இருக்க வேண்டும். நீலம் மைனஸ் 12, வெள்ளை மைனஸ் 5. இவை இரண்டும் 10 சதவீதம் முன்பின் இருக்கலாம். ஆரஞ்சு வயரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது பவர் குட் சிக்னல். எல்லா வோல்டேஜும் நிலைத்த சிறிது நேரத்துக்குப் பிறகு அது 5 வோல்ட்டுக்கு ஏறும். அதுவரை மதர்போர்டு ரீசெட்டிலேயே நிற்கும். விசிறி சுற்றுகிறது, வேறு எந்த அசைவும் இல்லை என்றால் போர்டின் மேல் பழி போடுமுன் இந்த வயரைப் பாருங்கள். மதர்போர்டில் மாட்டும்போது பி8, பி9 கனெக்டர் இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி வர வேண்டும். இடம் மாறினாலும் இரண்டும் உள்ளே போய்விடும், போர்டும் போய்விடும்.

வெளியே தனிப் பெட்டியாகப் பவர் சப்ளை வைத்த வீட்டுக் கணினிகளுக்கு வேறொரு எச்சரிக்கை. 1982இல் வந்த கொமடோர் 64 தனது பெட்டியிலிருந்து 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் எடுக்கிறது. உள்ளே உள்ள ரெகுலேட்டர் கெடும்போது வோல்டேஜ் இறங்காமல் ஏறுகிறது. அந்த 5 வோல்ட் நேராக மெமரி சிப்புகளுக்கும் போவதால் அவைதான் முதலில் வேகும். 5.25ஐத் தாண்டினால் அந்தப் பெட்டியை மறந்துவிட்டு நல்ல மாற்று ஒன்றை வாங்குங்கள். எபாக்சி ஊற்றி அடைத்திருப்பதால் திறந்து சரிசெய்வதும் எளிதல்ல.

இப்போது மதர்போர்டில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கலாம். இதற்குப் போர்டைக் கழற்ற வேண்டியதில்லை, கார்டு செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட் ஒன்றே போதும். பின்பக்கத்திலிருந்து எண்ணினால் பி வரிசையில் முதல் ஊசி கிரவுண்ட். 3ஆவது பிளஸ் 5, 5ஆவது மைனஸ் 5, 7ஆவது மைனஸ் 12, 9ஆவது பிளஸ் 12. ஒவ்வொன்றையும் கிரவுண்டோடு ஓமில் அளவெடுங்கள். பிளஸ் 5இல் சிப்புகள் நிறைய இருப்பதால் சில பத்து ஓம் வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் 12 வோல்ட் லைனில் 2, 3 ஓம் காட்டினால் டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். துளி வடிவத்தில், மஞ்சளாகவோ நீலமாகவோ ஸ்லாட்டுகளின் பக்கத்தில் நிற்கும். முதல் பிசியிலும் எக்ஸ்டியிலும் 12 வோல்ட் லைனில் இருப்பவை 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். பவர் சப்ளை டிக் என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நின்றுபோவதற்கு முதல் காரணம் இவைதான். எது கெட்டது என்று தெரிய ஒவ்வொன்றாக ஒரு காலைத் தூக்கி அளவெடுக்க வேண்டும். மாற்றாக 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் போடுங்கள். முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது முகத்தைப் போர்டின் மேல் வைக்காதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். டான்டலம் வெடிக்கும்போது நெருப்புத் துண்டு தெறிக்கும்.

துருவம் மாற்றிப் பற்றவைப்பது இந்த இடத்தில் அடிக்கடி நடக்கிற தவறு. டான்டலத்தின் மேல் இருக்கும் கோடு பிளஸ். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் இருக்கும் கோடு மைனஸ். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைக் கோட்டைப் பார்த்து வைத்தால் தலைகீழாகிவிடும்.

அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்குகளை எல்லாம் கூண்டோடு மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1980களின் துளை வழி நிற்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் நல்ல நிலையில் இருந்தால் நான் தொட மாட்டேன். தேவையில்லாமல் சூடு பட்டால் பழைய போர்டின் டிராக்குகள் உரிந்துவரும். ஆனால் 1990களின் தொடக்கத்தில் மேற்பரப்பில் ஒட்டவைத்த சின்ன அலுமினியக் கெப்பாசிட்டர்கள் கதை வேறு. மேக்கின்டோஷ், அமிகா 600, அமிகா 1200 போன்றவற்றில் அவை அடிப்பக்கமாகக் கசிந்து சுற்றியுள்ள டிராக்குகளை அரிக்கின்றன. சால்டரிங் அயர்னை வைத்ததும் மீன் வாடை அடித்தால் கசிந்திருக்கிறது. அவற்றை யோசிக்காமல் எல்லாம் மாற்றலாம், 105 டிகிரி தாங்குகிற வகையில்.

இத்தனையும் முடிந்த பிறகு சுவிட்ச். மதர்போர்டு, பவர் சப்ளை, ஸ்பீக்கர், டிஸ்ப்ளே கார்டு, குறைந்தபட்ச மெமரி. டிஸ்க்குகளின் வயர் எல்லாம் கழன்றிருக்கட்டும். இயந்திரம் பேச ஆரம்பித்தால் மீதி எளிது. ஒரு நீளம் இரண்டு குட்டை பீப் என்றால் டிஸ்ப்ளே கார்டு. ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸில் (கணினியை முதலில் எழுப்பும் நிரல்) 3 பீப் முதல் 64 கிலோபைட் மெமரியில் கோளாறு, 6 பீப் கீபோர்டு கன்ட்ரோலர் பக்கம். பேட்டரி கசிந்த போர்டில் அந்த 6 பீப் கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஐபிஎம்மில் எண்கள் வரும்: 161 பேட்டரி, 201 மெமரி, 301 கீபோர்டு, 601 ஃபிளாப்பி, 1701 ஹார்டு டிஸ்க்.

பீப் எதுவும் வராவிட்டால் சிப்பை மாற்றத் துடிக்க வேண்டாம். சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சிப்புகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சூடேறியும் குளிர்ந்தும் வருடக்கணக்கில் அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருக்கும். மெமரி மாட்யூல்களின் விளிம்பை ஆல்கஹாலால் துடையுங்கள். 30 ஊசி மாட்யூல் என்றால் 286க்கும் 386எஸ்எக்ஸுக்கும் 2, 386டிஎக்ஸுக்கும் 486க்கும் 4 சேர்ந்தால்தான் ஒரு தொகுதி. 3 போட்டுவிட்டு மதர்போர்டைக் குறை சொல்ல முடியாது. பிறகு அலைக்காட்டி (ஆசிலோஸ்கோப்) இருந்தால் 8088இன் 19ஆம் காலில் 4.77 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வருகிறதா, 21ஆம் காலில் ரீசெட் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். அந்தத் துடிப்பு 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 3ஆல் வகுத்து வருவது. படிகத்தின் அசல் அலை ஸ்லாட்டின் பி30 ஊசியிலேயே கிடைக்கும். துடிப்பும் சரி, ரீசெட்டும் சரி என்றால் பயாஸ் சிப்பைச் சந்தேகிக்கலாம்.

பயாஸ் சிப்பைப் பற்றித் தனியாக ஒன்று. அந்த நிரலை வைத்திருக்கும், ஜன்னல் வைத்த ஈப்ரோம் சிப் ஒவ்வொன்றிலும் தகவல் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது, அது மெல்ல மெல்ல வடியும். ஜன்னலின் மேல் ஒட்டிய லேபிள் உரிந்திருந்தால் வெளிச்சத்தில் இன்னும் வேகமாக. இயந்திரம் நன்றாக ஓடும்போதே புரோகிராமரில் வைத்துப் படித்து, கோப்பாகச் சேமித்து, வேறு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். இறந்த பிறகு படிக்க முடியாது.

ஃபிளாப்பி டிரைவில் கெட்டிருப்பது அநேகமாக கிரீஸ். தலையை நகர்த்தும் திருகுத் தண்டிலும் வழிக்கம்பிகளிலும் போட்ட கிரீஸ் மெழுகு போல இறுகிவிடும். டிரைவ் கர்ர் என்று இரைந்து டிஸ்க்கின் 0ஆம் டிராக்கை (தகவல் எழுதும் வட்டப்பாதை) தேடித் தோற்கும். பழையதை ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்துவிட்டு, வழிக்கம்பிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, திருகுத் தண்டுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் கடுகளவு. துருநீக்கி ஸ்பிரே எதையும் டிரைவுக்குள் அடிக்காதீர்கள், அது வழிந்து தலையில் படியும், பிறகு டிஸ்க்கில் படியும். தலைகளை நூல் பிரியாத பஞ்சுக்குச்சியால் துடைக்கும்போது மேல்தலையைத் தூக்குவதில் மிகக் கவனம் வேண்டும். 3.5 அங்குல டிரைவில் அது காகிதம் போல மெல்லிய ஒரு தட்டை ஸ்பிரிங்கில் தொங்குகிறது. குச்சி நுழையும் அளவுக்குத் தூக்கினால் போதும். ஒருமுறை வளைந்தால் பழைய நிலைக்கு வராது.

டிஸ்க்கை உள்ளே விடுமுன் கையால் சுற்றி, ஜன்னலில் தெரியும் பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மங்கலோ தெரிந்தால் பூஞ்சை. ஒரு பூஞ்சை டிஸ்க் தலையை அழுக்காக்கி, அடுத்து வரும் நல்ல டிஸ்க்குகளையும் கீறிவிடும். எழுதுவதைத் தடுப்பதும் அவசியம்: 5.25 அங்குலத்தில் பக்கவாட்டு வெட்டை ஸ்டிக்கரால் மூட வேண்டும், 3.5 அங்குலத்தில் துளையைத் திறக்க வேண்டும். இரண்டும் நேர்மாறு. பிறகு கிரீஸ்வீசில் போன்ற யுஎஸ்பி கருவியால் காந்த மாற்றங்களையே நேராகப் படித்துப் படிமமாக எடுத்துவிடுங்கள். பழைய டிஸ்க்கிலிருந்து தினமும் பூட் செய்து பார்க்கும் சுகத்தைவிட அதிலுள்ளது பிழைப்பது முக்கியம்.

360 கிலோபைட் டிஸ்க்கை 1.2 மெகாபைட் டிரைவில் படிக்கலாம், எழுதக் கூடாது. 1.2 டிரைவ் 80 டிராக்குகளைப் போடுகிறது, அதன் தலை 40 டிராக் டிரைவின் தலையைவிடப் பாதி அகலம். அது எழுதினால் பழைய அகலமான டிராக்கின் நடுவில் ஒரு மெல்லிய கோடு விழும், இருபுறமும் பழைய தகவல் மிஞ்சும். 360 டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

ஹார்டு டிஸ்க்குகளில், தனி கன்ட்ரோலர் கார்டோடு ஓடும் பழைய எம்எஃப்எம் வகை இருந்தால் முதலில் வயரைப் பாருங்கள். 34 ஊசி வயரில் முறுக்கு இருக்கும். ஃபிளாப்பி வயரில் அது 10 முதல் 16 வரை, ஹார்டு டிஸ்க் வயரில் 25 முதல் 29 வரை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். டிரைவ் செத்துவிட்டது என்று தூக்கி வைத்த பலவற்றில் வயர்தான் மாறியிருக்கிறது. எழுதிய கன்ட்ரோலர் கார்டையும் டிரைவையும் பிரிக்காதீர்கள், வேறு மாடல் கார்டு அதைப் படிக்காமல் போகலாம். டாஸின் டீபக் நிரலில் சி800:5 முகவரியிலிருந்து ஓடவிட்டு லோ-லெவல் ஃபார்மேட் செய்யும் வழி எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது எல்லாவற்றையும் அழிக்கும். தகவலை வெளியே எடுத்த பிறகே அதைத் தொடுங்கள். டிரைவ் சீகேட் எஸ்டி-225 என்றால் 615 சிலிண்டர், 4 தலை, 17 செக்டர்.

அன்றாடம் ஓட்டுவதற்கு ஐடிஇ அடாப்டரில் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு வைப்பதுதான் என் சிபாரிசு. அசல் டிரைவைத் தலை ஒதுக்கிவைத்துப் பத்திரப்படுத்தலாம். 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர், 512 பைட் என்று பெருக்கினால் 52,84,82,304 பைட். பழைய பயாஸ் அதற்கு மேல் பார்க்காது. கார்டு பெரிதாக இருந்தால் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸை ஒரு ஈப்ரோமில் எரித்து, நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருகினால் வழி கிடைக்கும். டாஸ் ஏற்றிய பிறகும் கார்டு பூட் ஆகாமல் கர்சர் மட்டும் நின்றால், எஃப்டிஸ்க் கட்டளையை /எம்பிஆர் சேர்த்து ஒருமுறை கொடுங்கள். புது கார்டுகளின் முதல் செக்டரில் பூட் நிரல் இருப்பதில்லை.

மானிட்டரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வண்ணக் குழாயின் ஆனோடில் 25,000 வோல்ட் வரை இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். அதை இறக்கப் பழகியவர் பக்கத்தில் இல்லையென்றால் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து ஒன்று மட்டும் கவனியுங்கள்: எம்டிஏ, சிஜிஏ, ஈஜிஏ என்ற பழைய டிஸ்ப்ளே கார்டு வகை மூன்றுக்கும் ஒரே 9 ஊசி சாக்கெட். ஆனால் எம்டிஏ 18.43 கிலோஹெர்ட்ஸ், சிஜிஏ 15.75. எம்டிஏவுக்கான ஐபிஎம் 5151 போன்ற பச்சைத்திரை மானிட்டரைச் சிஜிஏ கார்டில் மாட்டினால் உள்ளே உயர் வோல்டேஜ் பகுதி எரிந்துபோகலாம்.

மஞ்சளித்த பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் வைத்து வெளுப்பவர்கள் இருக்கிறார்கள். வெளுக்கும், ஆனால் திட்டுத்திட்டாக வரும் வாய்ப்பு உண்டு, சில வருடங்களில் மஞ்சளும் திரும்பும். சோப்பு நீரில் கழுவி நிழலில் காயவைத்து அப்படியே விட்டுவிடுவது போதும் என்பேன்.

திரும்ப மூடுமுன் ஒரு காகிதத்தில் ஜம்பர் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது, டிஸ்க்கின் சிலிண்டர், தலை, செக்டர் எண்ணிக்கை, பேட்டரி மாற்றிய தேதி, டயோடு போட்ட இடம், மாற்றிய கெப்பாசிட்டர்களின் மதிப்பு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி, அதையும் அந்தக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.